யாழ்ப்பாணத்துக் கத்தியும் சாணைக்கல்லும்

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் எழுத என்னிலும் நன்கறிந்த மூத்தோர் பலர் உளர். ஆகவே நான் வாசித்த மலர்கள் எவற்றிலும் காணாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். எங்கள் குசினிக் கத்திகளை யார், எதைக்கொண்டு தீட்டினார்கள் என்பதே அது. மனையியல் பாடத்தில் சமநிலை உணவு படித்தோம், தையல் படித்தோம். மொட்டையாகிப்போன கத்தியை என்ன செய்வது என்று படித்ததாக எனக்கு நினைவில்லை. அதை வீட்டில் அம்மம்மாவிடமும், படலையடிக்கு வந்த சாணைக்காரரிடமும் பார்த்துத்தான் அறிந்தோம்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். குடாநாடு முழுவதும் சுண்ணக்கற் பாறைமேல் இருக்கிறது. கிணறு வெட்டினால் கல், தோட்டம் கொத்தினால் கல், மதில் முழுக்கக் கல். ஆனால் அந்தக் கல்லில் கத்தி தீட்ட முடியாது. கனிமங்களின் வன்மையை ஒன்றிலிருந்து பத்துவரை அளக்கும் மோவின் அளவுகோலில் சுண்ணக்கல்லின் கல்சைற்றுக்கு மூன்றாம் இடம். கத்தியின் உருக்கு ஏறக்குறைய ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் நிற்கும். தன்னிலும் மென்மையான கல்லில் தேய்த்தால் கல்தான் மாவாகுமே தவிர அலகு கூராகாது. இரும்புத்தாதும் எங்கள் மண்ணில் இல்லை. தீவின் தெற்கே சமனலவெவப் பகுதியில் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையில் பருவக்காற்றைக் கொண்டே உலை மூட்டி உருக்குச் செய்திருக்கிறார்கள் என்பதை ஜில் ஜூலெப் என்ற பெண் தொல்லியலாளர் ஆய்ந்து 1996இல் வெளியிட்டார். எங்களுக்கோ இரும்பும் வெளியிலிருந்து வந்தது, அதைத் தீட்டும் கல்லும் வெளியிலிருந்தே வந்தது. ஆயினும் பனையும் புகையிலையும் மீனும் இருந்த ஊரில் கூரான அலகு இல்லாமல் ஒருநாளும் கழியாது. கத்தி, சத்தகம், கொக்கைச்சத்தகம், பாளைக்கத்தி, காலால் மிதித்துப் பிடித்து அரியும் அரிவாள் என்று ஒவ்வொரு வளவிலும் பல அலகுகள் இருந்தன.

வீட்டுக்குள் இருந்த வன்மையான கல் அம்மிதான். அது சுண்ணக்கல் அன்று. பெருநிலப் பக்கத்துக் கருங்கல். ஆகவே அம்மியின் பக்கவாட்டில் கத்தி தீட்டுவது வழக்கமாயிற்று. அரைக்கும் முகத்தில் தீட்டினால் அம்மம்மாவிடம் ஏச்சு விழும். சீமெந்து பரவலான பின்னர் கிணற்றுக்கட்டும் தோய்கல்லும் வாசற்படியும் தீட்டுகல்லாயின. இதிலொரு வேடிக்கை உண்டு. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை எங்கள் சுண்ணக்கல்லைத்தான் சுட்டது. அந்தச் சீமெந்தோடு வடமராட்சியின் அம்பன், வல்லிபுரம் பக்கத்து மணல் சேர்ந்தால், அம்மணலில் உள்ள குவாட்சு, ஏழாம் வன்மை உடையது, உருக்கைத் தேய்த்துவிடும். தனியே நின்று தீட்டமாட்டாத கல், மணலைப் பிடித்து வைத்திருக்கும் பசையாக மாறித் தீட்டியது.

உண்மையான சாணைக்கல்லின் கதை இன்னும் நீளமானது. குருந்தக்கல்லைப் பொடித்து, உருக்கிய அரக்கோடு கலந்து, வட்டமாக வார்த்துச் சாணை செய்வது இந்தியாவின் பழைய தொழில். குருந்தம் வன்மையில் ஒன்பது. வைரம் ஒன்றே அதற்கு மேல். இரத்தினபுரியில் அகழ்ந்தெடுக்கும் நீலமும் மாணிக்கமும் இதே குருந்தத்தின் நிறம்பெற்ற வடிவங்கள்தாம். ஆங்கிலத்தில் 'கொறண்டம்' என்று வழங்குவது எங்கள் குருந்தம் என்ற சொல்லே. 1890களில் அமெரிக்கரான எட்வேட் அச்சேசன் மின்னுலையில் ஒரு செயற்கைக் கல்லைச் செய்து, காபனையும் கொறண்டத்தையும் சேர்த்து அதற்குக் 'காபொறண்டம்' என்று பெயரிட்டார். 1954இல் சென்னையில் காபொறண்டம் யுனிவர்சல் என்ற கம்பனி தொடங்கியபோது அந்தத் தமிழ்ச்சொல் உலகைச் சுற்றித் திரும்பவும் தமிழ்நாட்டுக்கே வந்து சேர்ந்தது. இன்றும் யாழ்ப்பாண நகரத்து இரும்புக்கடையில் 'காபொறண்டம் கல்லு' என்று கேட்டால் ஒருபுறம் பருமனாகவும் மறுபுறம் நயமாகவும் உள்ள கல்லை எடுத்துத் தருவார்கள்.

கத்தியைச் செய்தவர்களும் பெருவேலைக்குத் தீட்டியவர்களும் கொல்லர்கள். தெல்லிப்பழைப் பக்கம் கொல்லங்கலட்டி என்றோர் ஊர் உண்டு. கொல்லரும் கலட்டியும், அதாவது இரும்பும் கற்பாங்கான நிலமும், ஒரே பெயரில் கூடி நிற்கின்றன. எங்கள் ஊர்க் கம்மாலையில் லொறியின் வில்லுத்தகட்டை வெட்டிக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்வதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அலகு எந்த நிறத்துக்குச் சிவந்ததும் தண்ணீரில் தோய்க்கவேண்டும் என்பதில்தான் அந்தத் தொழிலின் உயிர் இருந்தது. முந்திய காலத்தில் கூலி பெரும்பாலும் பணமாகக் கொடுபடவில்லை. அறுவடையில் நெல்லாகக் கொடுபட்டது. அது உறவாகவும் இருந்தது, சாதிக் கட்டாகவும் இருந்தது. இரண்டாவதை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் பெருமை பேச எனக்கு மனமில்லை. ஊரிலே மிகக் கூரான அலகை வைத்திருந்தவர்கள் சீவற்தொழிலாளர். பாளையை ஒரு நாளில் பலமுறை மெல்லியதாகச் சீவவேண்டும். மொட்டைக் கத்தி பாளையை நசித்துவிடும், கள் சுரக்காது. அதற்காக மரத்தாலான தீட்டுத்தடியைத் தம்மோடு வைத்திருந்தார்கள். அடுத்தவர் முடிதிருத்துபவர். சவரக்கத்தியைக் கல்லில் தீட்டித் தோல்வாரில் இழுத்துப் பதம் செய்வார். அவரையும் நாட்டு வைத்தியரையும் பரியாரியார் என்ற ஒரே சொல்லால் அழைத்த ஊர் எங்களது. வைத்தியராகிய எனக்கு அதில் வியப்பில்லை. ஐரோப்பாவிலும் சத்திரசிகிச்சையாளரும் நாவிதரும் நெடுங்காலம் ஒருவரே.

1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1867இல் 'இரணவைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். அவரும் அவர் மாணவரும் பிடித்த கத்திகள் திரும்பத் திரும்பத் தீட்டிப் பாவிக்கப்பட்டவை. 1915இல் மோர்கன் பார்க்கர் என்ற அமெரிக்கர் கழற்றி மாற்றும் அலகுக்குக் காப்புரிமை பெற்ற பின்னர் அந்த வேலை மெல்ல மெல்ல எங்கள் கையைவிட்டுப் போயிற்று. என் தொழிலில் நான் ஒரு கத்தியையும் தீட்டியதில்லை. உறையைப் பிரித்து எடுக்கிறேன், பாவிக்கிறேன், கூர்ப்பொருட் பெட்டிக்குள் போடுகிறேன்.

படலையடிக்கு வந்த சாணைக்காரரை என் வயதினர் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அம்மம்மாவின் காலத்தில் மரச்சட்டத்தில் பொருத்திய சக்கரத்தைத் தோளில் சுமந்து வந்து, நிலத்தில் ஊன்றிக் காலால் மிதித்துச் சுழற்றினார்களாம். நான் பார்த்தது சைக்கிள். பின்சில்லைத் தாங்கியில் உயர்த்தி, ஆசனத்தில் இருந்தபடியே மிதிக்க, முன்னால் கல் சுழலும். "கத்தி, கத்திரிக்கோல் சாணை பிடிக்கிறதோ!" என்ற குரல் ஒழுங்கை முனையில் கேட்டதும் பிள்ளைகள் ஓடுவோம். நாங்கள் போனது நெருப்புப்பொறி பார்க்க. அம்மம்மாவோ பொறி கூடினால், "காணும், காணும், பதம் போகப்போகுது" என்று மறிப்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உலர்ந்த கல்லில் அளவுக்கு மிஞ்சித் தேய்த்தால் சூட்டில் அலகின் ஓரம் நீலம் பாயும். பிறகு அந்த இடம் மென்மையாகி எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது. கத்தியை வீட்டிலும் தீட்டலாம். கத்திரிக்கோலுக்கோ அவர்தான் வரவேண்டும். தையல்வேலை செய்த வீடுகளில் அவரை எதிர்பார்த்திருந்தார்கள்.

ஊர்விட்டு ஊர்போகும் இத்தொழிலுக்கு உலகெங்கும் உறவினர் உண்டு. இத்தாலியின் வடக்கே றெண்டேனா என்ற மலைப் பள்ளத்தாக்கிலிருந்து சாணைக்காரர்கள் இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் குடிபெயர்ந்தார்கள். பின்சோலோ என்ற அவர்களது ஊரில் சாணைக்காரருக்குச் சிலை இருக்கிறது. ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து புறப்பட்டவர்கள் சிறு குழல் ஊதித் தம் வரவை அறிவிப்பார்கள். ரொறன்ரோவில் வசிக்கும் எமது மாணவிகள் மணி அடித்தபடி தெருவில் ஊர்ந்துவரும் சாணை வாகனத்தைக் கண்டிருப்பீர்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது எல்லாம் ஒருங்கே நின்றது. சீமெந்து ஆலை மூடப்பட்டது, மின்சாரம் போயிற்று, எரிபொருளும் பற்றறியும் இரும்பும் தடைசெய்யப்பட்டன. பட்டறைகளில் மின்சாணை சுழலவில்லை. சைக்கிள் சாணைக்காரரும் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அம்மா கட்டிய பொட்டளிக்குள் ஒரு கேத்தலும் இரண்டு கோப்பைகளும் பழஞ்சீலையில் சுற்றிய கத்தியும் இருந்தன. தென்மராட்சியில் நாங்கள் தங்கிய வீட்டில் ஐந்து குடும்பங்களுக்கு அந்தக் கத்தி ஒன்றுதான். மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீதியெங்கும் சோதனைச்சாவடிகள். பையைத் திறந்து காட்டவேண்டிய அக்காலத்தில், மீன்வெட்டும் கத்தியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு கம்மாலைக்குப் போக எங்கள் வீட்டில் ஒருவரும் துணியவில்லை. கத்தி தீட்டுவது முற்றாகக் குசினிக்குள் வந்தது அப்போதுதான்.

அந்த ஆண்டுகளில் எங்களுக்குக் கைகொடுத்தது தேநீர்க் கோப்பை. கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மினுக்கம் பூசாத ஒரு வளையம் தெரியும். உயர்ந்த வெப்பத்தில் சுட்ட அந்தப் பீங்கான் உருக்கிலும் வன்மையானது, நயமானது. வளையத்தை நனைத்து, கத்தியின் முதுகைச் சிறிது மட்டும் உயர்த்தி, ஏறத்தாழ இருபது பாகையில், பிடியடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக இழுக்கவேண்டும். ஒரு புறம் பத்துத் தரம், மறுபுறம் பத்துத் தரம். அமத்தத் தேவையில்லை. முற்றாக மழுங்கிய அலகுக்கு இது போதாது, கல்லுத்தான் வேண்டும். ஆனால் கிழமைக்கொரு தரம் செய்துவந்தால் அலகு அந்த நிலைக்குப் போகாது.

இதை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் உண்டு. எமது பழைய மாணவிகளின் தாய்மார் பலர் இன்று ஊரில் தனியே வாழ்கிறார்கள். அவர்களது வீடுகளுக்குப் போகும்போது பழக்கத்தில் குசினியையும் எட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் கத்தி மொட்டையாகவே இருக்கும். கேட்டால், "மகள் ரெலிபோனிலை சொன்னவ, கூரான கத்தி வைச்சிருக்காதேங்கோ எண்டு" என்பார்கள். மகளின் அக்கறை புரிகிறது. ஆனால் என் மேசைக்கு வரும் காயங்கள் வேறு கதை சொல்கின்றன. மொட்டைக் கத்தி பூசணித் தோலிலும் பலாக்காயிலும் பிடிக்காமல் வழுக்கும். முழங்கையையும் தோளையும் சேர்த்து அமத்த, அது இடக்கையின் பெருவிரலிலோ சுட்டுவிரலிலோ போய் இறங்கும். வெட்டு நேராக இராது, நசிந்து கிழிந்திருக்கும். மூட்டுவாதத்தில் விரல் மடங்காத தாய்க்கு அமத்தும் பலமும் இல்லை. நீரிழிவினால் விரல் நுனி மரத்தவருக்கு வெட்டுப்பட்டது இரத்தத்தைக் கண்ட பின்னர்தான் தெரியவரும். காயம் ஆறவும் நாள் எடுக்கும். கூரான கத்திக்குச் சொற்ப பலம் போதும். வைத்த இடத்தில் வெட்டும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள். கோப்பித்தூள் அப்ப வேண்டாம். ஏற்புத் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று மகளாவது குறித்து வைத்திருப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் மரக்கட்டையில் செருகிய கத்திக் கூட்டமொன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவற்றுள் வாள்போற் பல்லுள்ளவை பாணுக்கு நல்லவை. கோப்பையில் தீட்ட வராது. மற்றவை ஆறு மாதத்தில் மொட்டையாகி அலுமாரிக்குள் போய்விடும். அவற்றை எடுத்துத் தீட்டத் தெரிந்த கை வீட்டில் இல்லை. சாணைக்காரர்கள் இப்போது மோட்டார் சைக்கிளில் சந்தைப் பக்கம் இடையிடையே வருகிறார்கள். ஒழுங்கைக்குள் வருவது அருமை. முதிய தாய் கத்தியைச் சுற்றிக்கொண்டு சந்தைக்கு நடக்கமாட்டார். அயலிலுள்ள பிள்ளையொன்றிடம் கொடுத்துவிட்டாலும் போதும்.

அடுத்த முறை ஊருக்கு வருவோர் கத்திக் கூட்டத்தை விட்டுவிட்டு இருபுறக் கல்லொன்றைக் கொண்டுவாருங்கள். இல்லையேல் நகரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கத்தியும் கொண்டுவருவதானால் அது பெரிய பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் வேண்டாம். வந்த கிழமையிலேயே அம்மாவோடு தோய்கல்லடியில் குந்தியிருந்து வீட்டிலுள்ள கத்தி முழுவதையும் எடுத்துத் தீட்டுங்கள். எத்தனை பாகை என்று அவரிடம் சொல்லவேண்டாம். கத்தியைக் கையில் கொடுத்துவிட்டுப் பாருங்கள், கை தானாகச் சரிந்து பிடிக்கும்.