பாதி வழியில் ஓர் ஊர்: ஜுபைதா பாதையும் அதன் கிராமங்களும்

சில மணி நேர விமானப் பயணத்தில் ஜித்தாவில் இறங்கிவிடும் இன்றைய ஹாஜிகளுக்கு, மக்காவுக்குச் செல்லும் வழியில் ஊர்கள் இருந்தன என்பதே நினைவுக்கு வருவதில்லை. இராக்கின் கூஃபாவிலிருந்து மக்கா வரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீண்ட பாலைவனப் பாதையை 'தர்பு ஜுபைதா' என்று வரலாறு அழைக்கிறது. அதைப் பற்றிப் பேசும்போது அரசியின் கொடையைப் பாராட்டுகிறோம், அது தக்கதே. ஆனால் அப்பாதையின் ஓரத்தில் வாழ்ந்து, அதனால் வளர்ந்து, அதனோடு தேய்ந்த சிற்றூர்களையும் நாம் அறிய வேண்டும்.

அப்பாதை ஒருவரால் ஒரே நாளில் உருவானதன்று. இஸ்லாத்திற்கு முன்பே அங்கு வணிகத் தடம் இருந்தது. ஹிஜ்ரி 134இல் அப்பாஸியக் கலீஃபா ஸஃப்பாஹ் வழியெங்கும் மைல் கற்களையும் அடையாளக் கோபுரங்களையும் நிறுவச் செய்தார். ஹிஜ்ரி 161இல் கலீஃபா மஹ்தி தங்குமிடங்களையும் நீர்த்தேக்கங்களையும் பெருக்க ஆணையிட்டார். அவருடைய மகன் ஹாரூன் ரஷீதின் மனைவியே ஜுபைதா அம்மையார். கலீஃபா மன்ஸூரின் பேத்தி. அவர் தம் சொந்தச் செல்வத்தைச் செலவிட்டுக் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமைத்ததால் பாதைக்கு அவர் பெயர் நிலைத்தது. மக்கா நகருக்கு நீர் கொண்டுவந்த 'ஐனு ஜுபைதா' கால்வாயும் அவருடைய அறப்பணியே; எனினும் அது வேறு, இப்பாதை வேறு.

ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒரு தங்குமிடம் என்ற கணக்கில் 27 பெரிய நிலையங்கள் இருந்தன. இடையிடையே இளைப்பாறச் சிறு நிலையங்களும் இருந்தன. பாறை நிறைந்த பகுதிகளில் கற்களை அகற்றி இருமருங்கிலும் அடுக்கினர். பாதையில் கிடக்கும் இடையூற்றை நீக்குவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்ற நபிமொழியைக் கேட்டு வளர்ந்த சமுதாயத்திற்கு இது வெறும் பொறியியல் அன்று, வணக்கமும் ஆகும்.

அங்கு நீர் சேமித்த முறை இன்றும் வியப்பளிக்கிறது. எப்போதோ பெய்யும் மழையால் ஓடைகளில் பெருகும் வெள்ளத்தை முதலில் ஒரு சிறு தொட்டிக்குத் திருப்புவர். வண்டலும் மணலும் அங்கே படிந்துவிடும். தெளிந்த நீர் அடுத்துள்ள பெரிய குளத்திற்குச் செல்லும். இத்தகைய குளத்திற்கு 'பிர்கா' என்று பெயர். ஆண்டில் ஒருமுறை கடந்து செல்லும் ஹாஜிகளுக்காக வெட்டப்பட்ட அந்நீர், ஆண்டு முழுவதும் அங்கே வாழ்ந்த மக்களுக்கும் அவர்களுடைய ஆடு, ஒட்டகங்களுக்கும் உயிராயிற்று.

பாதையின் ஏறத்தாழ நடுவில் இருந்தது ஃபைத் என்னும் சிற்றூர். ஹாஜிகள் கடந்து செல்லும் அந்தச் சில நாள்களே அவ்வூரின் பிழைப்பு. கால்நடைத் தீவனத்தை ஆண்டு முழுவதும் சேர்த்துவைத்து ஹஜ் காலத்தில் விற்பர். அதைவிடச் சிறப்பான வழக்கம் ஒன்று உண்டு. மக்கா நோக்கிச் செல்லும் ஹாஜிகள் திரும்பும் வழிக்கான உணவையும் சுமையான பொருள்களையும் ஃபைத் மக்களிடம் அமானிதமாக ஒப்படைப்பர். ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பும்போது பெற்றுக்கொண்டு, காத்துத் தந்தவருக்கு ஒரு பங்கு அளிப்பர். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் யாகூத் இதைக் குறித்துவைத்துள்ளார். 1326இல் அவ்வழியே சென்ற இப்னு பதூதாவும் இவ்வழக்கத்தைச் சொல்கிறார்.

அதே இப்னு பதூதா இன்னொன்றையும் சொல்கிறார். கொள்ளையிடும் எண்ணத்தோடு சூழ்ந்திருக்கும் பாலைவனக் கூட்டத்தாரை அச்சுறுத்துவதற்காக, ஹாஜிகள் போர் அணிவகுப்போடுதான் ஃபைத் ஊருக்குள் நுழைவார்களாம். வெளியே வாள், உள்ளே அமானிதம். திரும்பும் வழிக்கான உணவு காணாமற்போனால் பாலைவனத்தில் பசியால் மடிய நேரிடும். அப்படிப்பட்ட பொருளை அயலூரார் நம்பி விட்டுச் செல்லும் அளவுக்கு ஒரு சிற்றூரின் நாணயம் இருந்தது. குளமும் கிணறும் பாதைக்கு உடல் என்றால், அந்த நாணயமே அதற்கு உயிர்.

இன்னோர் ஊர் ரபதா. மதீனாவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஸகாத் ஒட்டகங்கள் மேய்வதற்கான காப்பு மேய்ச்சல் நிலமாக உமர் (ரலி) அவர்கள் அதை ஒதுக்கியிருந்தார்கள். எளிய வாழ்வுக்குப் பெயர்பெற்ற அபூதர் அல்கிஃபாரி (ரலி) அவர்கள் தம் இறுதி நாள்களை அங்கேயே கழித்து, ஹிஜ்ரி 32இல் மறைந்தார்கள். கஃபனிடவும் அடக்கம் செய்யவும் ஆளில்லாத நிலையில், அவர்களுடைய குடும்பத்தார் வழியைப் பார்த்துக் காத்திருந்தனர். அப்போது இராக்கிலிருந்து ஒரு பயணக் குழு வந்தது. அவர்களே ஜனாஸாவை நிறைவேற்றினர். அக்குழுவில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களும் இருந்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆளரவமற்ற ஊருக்கு ஒரு பாதை என்னவாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்னர் ரபதா செழித்தது. 1979இல் மன்னர் சுஊத் பல்கலைக்கழகம் அங்கே தொடங்கிய அகழாய்வில் வீடுகள், பள்ளிவாசல்கள், வீட்டுத் தரைக்கு அடியில் கட்டப்பட்ட நீர்த்தொட்டிகள், நாணயங்கள், கண்ணாடிப் பொருள்கள் ஆகியவை வெளிப்பட்டன. ஆனால் அப்பாஸிய ஆட்சி தளர்ந்து, கராமிதாக்கள் ஹாஜிகளின் கூட்டங்களைத் தாக்கத் தொடங்கியதும் வழியில் அச்சம் குடியேறியது. ஹிஜ்ரி 319இல் ரபதா அழிவுக்குள்ளானது. மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். குளத்தின் சுவர்கள் மட்டும் நின்றன. ஃபைத் தாக்குப்பிடித்தது; இன்றும் ஹாயில் மாகாணத்தில் ஓர் ஊராக உள்ளது.

ரபதாவில் கட்டுமானம் குறைவுபட்டதால் ஊர் அழியவில்லை. அதன் வட்டக் குளத்தை இன்றும் காணலாம். வழிப்போக்கனின் உயிருக்கும் பொருளுக்கும் பாதுகாப்பு இல்லாமற்போனதால்தான் அழிந்தது. சாலையைச் செல்வந்தர் அமைக்கலாம், அரசு அமைக்கலாம். அதைப் பாதையாக வைத்திருப்பவர்கள் அதன் ஓரத்தில் வாழும் மக்களே.

நம் ஊர்ச் சாலைக்கும் இது பொருந்தும். வாசலுக்காகச் சாலையின் ஓரத்தை வளைத்துக்கொள்வதும், திருமணப் பந்தலுக்காக வழியை மறிப்பதும் நமக்குச் சிறியனவாகத் தெரிகின்றன. அவசரமாக மருத்துவமனைக்குச் செல்பவருக்கு அவை சிறியன அல்ல. தெருவழியே செல்லும் ஒவ்வொருவரும், ஃபைத் மக்களிடம் ஹாஜிகள் விட்டுச்சென்ற உணவு மூட்டையைப் போல, நம்மிடம் ஓர் அமானிதத்தை ஒப்படைத்தே செல்கிறார்கள். அதைப் பழுதின்றித் திருப்பித் தரும் நல்வாய்ப்பை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.