உறைபனி காத்த புல்வெளி: நீலகிரி மலையுச்சிச் சூழலின் வரலாறும் காலநிலை மாற்றமும்

முன்னுரை

நீலகிரியின் மேல்மட்டத்தில், ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல், பள்ளத்தாக்குகளின் மடிப்புகளில் குட்டையான பசுமைமாறாச் சோலைகளும் அவற்றைச் சூழ்ந்த குன்றுச் சரிவுகளில் புல்வெளிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டிற்கும் இடையிலான எல்லை கத்தியால் அறுத்தாற்போல் தெளிவானது. மழையும் மலையும் ஒன்றே. ஆயினும் ஓரிடத்தில் மரமும் அடுத்த அடியில் புல்லும் நிற்பது ஏன் என்னும் வினா தாவரவியலாரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வினாவிற்குத் தரப்பட்ட விடைகள் ஏட்டளவில் நிற்கவில்லை. அந்நிலத்தில் என்ன நடப்பட வேண்டும் என்பதையும் அவை தீர்மானித்தன. இன்று வெப்பம் உயரும்போது அம்மலையில் நிகழும் மாற்றங்களை இவ்வரலாற்றிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள இயலாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

தரிசு என்னும் பெயர்

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் ஆங்கிலேயருக்குத் தம் நாட்டுக் குன்றுகளை நினைவூட்டின. எனினும் ரசனை வேறு, வருவாய்க் கணக்கு வேறு. மரமில்லாத நிலம் பயனற்ற நிலமாகவே கருதப்பட்டது. உதகமண்டலம் நகராக வளர்ந்தபோது விறகுத் தேவை சுற்றுப்புறச் சோலைகளைத் தின்றது. அக்குறையை ஈடுசெய்ய ஆஸ்திரேலியச் சீகையும் கற்பூர மரமும் 1840-களுக்குள் மலைக்கு வந்து சேர்ந்தன.

புல்வெளி எவ்வாறு தோன்றியது என்பது குறித்த கருத்து மோதல் 1938-இல் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் வெளிப்படையாக நிகழ்ந்தது. உறைபனியே மரக்கன்றுகளை அழித்துப் புல்வெளியை நிலைநிறுத்துகிறது, ஆகவே அது இயற்கையான நிலை என்றார் வன அலுவலர் சி. ஆர். ரங்கநாதன். தீயும் மேய்ச்சலுமே காரணம், அதாவது மனிதர் காட்டை அழித்ததன் எச்சமே புல்வெளி என்பது என். எல். போரின் நிலைப்பாடு. நடைமுறையில் வென்றது இரண்டாம் கருத்தின் சாயலே. விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டிழைக்குக் கற்பூர மரக்கூழும் தேவைப்பட்டன, புல்வெளிகள் தோட்டங்களாயின. மின்திட்ட நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்குகளையும் அவற்றின் சதுப்புகளையும் மூழ்கடித்தன. பழனி மலையில் நான்கு பத்தாண்டுகளுக்குள் புல்வெளியின் மூன்றில் இரு பங்கு மறைந்ததைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சதுப்பு வைத்திருந்த சான்று

1938-இன் வழக்கிற்கு 1993-இல் எதிர்பாராத சாட்சி ஒன்று கிடைத்தது. நீலகிரிச் சதுப்புகளில் தாவர எச்சங்கள் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் அப்படிவுகளின் கரிம ஐசோடோப்புகளை அளந்து 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். முறை எளிமையானது. மரங்களும் குளிர்நிலப் புற்களும் சி3 வழியிலும், வெப்பமண்டலப் புற்களுள் பெரும்பாலானவை சி4 வழியிலும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. இவ்விரு வகையும் கனமான கரிமத்தை வெவ்வேறு அளவில் ஏற்பதால், மக்கிய மண்ணில் உள்ள விகிதம் அக்காலத்தில் எவ்வகைத் தாவரம் மிகுந்திருந்தது என்பதைக் காட்டிவிடும்.

பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முன், வறண்ட காலநிலையில் சி4 புற்கள் ஓங்கியிருந்தன. பின்னர் பருவமழை வலுத்தபோது சி3 தாவரங்கள் பெருகின. ஏறத்தாழ 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன் மீண்டும் வறட்சி, மீண்டும் புல். சோலையும் புல்வெளியும் காலநிலையின் போக்கிற்கேற்பப் பெருகியும் சுருங்கியும் வந்துள்ளன. எருமை மேய்த்த மனிதர் வருமுன்பே அங்குப் புல்வெளி இருந்தது. தீயும் மேய்ச்சலும் அதன் பரப்பை ஓரளவு மாற்றியிருக்கலாம். அதனைப் படைத்தவை அவையல்ல. இச்சான்று கிடைப்பதற்குள் பெரும்பாலான தோட்டங்கள் நடப்பட்டுவிட்டன என்பது வேறு செய்தி.

குளிர் இரவின் பணி

தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும், யாமத்தைச் சிறுபொழுதாகவும் வகுத்துள்ளது. அகத்திணை மரபின் இவ்வகைப்பாட்டைச் சூழலியல் விதியாகக் கொள்வது பொருந்தாது. ஆயினும் முன்பனிக் காலத்து நள்ளிரவே நீலகிரிப் புல்வெளியின் இயல்பைத் தீர்மானிக்கும் பொழுதாக இருப்பது கருதத்தக்கது. மேகமற்ற அவ்விரவுகளில் திறந்த நிலம் வெப்பத்தை விரைந்து இழக்க, தரைமட்டத்தில் உறைபனி படிகிறது. சோலை மரக் கன்றுகளின் திசுக்கள் உறைந்து சிதைகின்றன. புல்லின் வளர்முனை நிலத்தை ஒட்டியே இருப்பதால் அது பிழைத்துக்கொள்கிறது. சோலைக்குள்ளோ இலைக்கூரை வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதால் கன்றுகள் வளர்கின்றன. எல்லை கத்தியால் அறுத்தாற்போல் இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஜோஷி, ரத்னம், சங்கரன் ஆகியோர் நீலகிரியில் கன்றுகளை நட்டுச் செய்த கள ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. அது ரங்கநாதனின் கருத்திற்கு வலுச்சேர்த்தது. இவ்வாய்வில் அதனினும் முதன்மையான செய்தி வேறு. சீகைக் கன்றுகள் சோலைக் கன்றுகளைவிடப் புல்வெளியில் நன்கு தாக்குப்பிடிக்கின்றன; இரவு வெப்பத்தைச் செயற்கையாகச் சிறிது உயர்த்தினால் அவற்றின் பிழைப்பு இன்னும் கூடுகிறது. அதாவது உறைபனி என்னும் காவல் தளரும்போது அவ்விடத்தைப் பிடிப்பது சோலை அன்று, அயல்மரமே. வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடு மிகுவதும் சி4 புற்களைவிட மரங்களுக்கே சாதகமானது. பனியுகத்தில் குறைந்த கார்பனும் வறட்சியும் சேர்ந்து புல்லை வளர்த்தன; இன்று இரு காரணிகளும் எதிர்த்திசையில் சேர்ந்து இயங்குகின்றன. முற்காலத்தில் புல் விட்ட நிலத்தைச் சோலை எடுத்துக்கொண்டது. இப்போது இடையில் மூன்றாவது ஒன்று நிற்கிறது.

உச்சிக்கு மேல் இடமில்லை

இப்புல்வெளியை நம்பி வாழ்வனவற்றுள் தலையாயது வரையாடு. சங்க இலக்கியம் வருடை எனக் குறிப்பதும், இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்காக விளங்குவதும் இதுவே. புல்லை மேய்ந்து, இடர் நேர்ந்தால் பாறைச்சரிவில் ஒதுங்கும் வாழ்வு அதனுடையது. தமிழகத்தில் 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் 1,031 ஆடுகளும், 2025-இல் 1,303 ஆடுகளும் பதிவாயின. ஈராண்டு எண்களைக் கொண்டு பெருக்கம் எனக் கூறுவது அவசரமாகும்; கணக்கெடுப்பின் செம்மையும் எண்ணிக்கையை உயர்த்தும். நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவையின் நிலை இன்னும் நெருக்கடியானது. உயர்ந்த புல்வெளிகளைத் தவிர வேறெங்கும் அது வாழ்வதில்லை. சமவெளி உயிரினம் வெப்பம் மிகுந்தால் மலையேறலாம். மலையுச்சி உயிரினத்திற்கு அவ்வழி இல்லை. தோடர் கோயில்களுக்குக் கூரை வேயப் பயன்படும் சதுப்புப்புல்லும் இதே நிலையில்தான் உள்ளது. அப்புல் அழிந்தால் வேறு புல்லால் வேய்வது மரபு ஏற்கும் தீர்வன்று.

காலநிலை மாற்றத்திற்கு மருந்தாக மரம் நடுதல் இன்று எங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. புல்வெளியில் நடப்படும் மரம் அம்மருந்தாகாது. புல்வெளி தன் கரிமத்தில் பெரும்பகுதியை மண்ணுக்குள் வைத்துள்ளது. மறுபுறம், இருக்கும் சீகையை முழுதும் வெட்டிவிடுதலும் எளிய தீர்வன்று. பழைய சீகைத் தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்து வருவது பழனி மலையில் அறியப்பட்டுள்ளது. அத்தகைய இடங்களைத் தொடாமல் விடுவதே நலம். புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் விளிம்புகளில்தான் முதலில் கைவைக்க வேண்டும். அங்கும் ஒருமுறை வெட்டினால் போதாது. சீகை விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும்; மரம் அகன்று வெயில் பட்டதும் திரளாக முளைக்கும். வெட்டிய நிலத்திற்கு ஆண்டுதோறும் திரும்பி வந்து கன்றுகளைக் கையால் பிடுங்கும் ஆட்களும், அவர்களுக்கான கூலியும், ஒரு திட்டக் காலத்திற்கு அப்பாலும் தொடர வேண்டும்.