மிஞ்சிய மேடு

மஸ்கெலியாவில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிற எனக்கு, பாடத்திட்டத்துக்குள் அடங்காத ஒரு சென்னைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் தனி ஆசை.

புரதப் பளிங்கில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் கிடைப்பது வெறும் புள்ளிகள். அவற்றைக் கணக்கிட்டுத்தான் இலத்திரன்கள் எங்கெங்கே செறிந்திருக்கின்றன என்று வரைகிறார்கள். புரதச் சங்கிலியை அந்த வரைபடத்தில் பொருத்தி முடித்த பிறகும் சின்னச் சின்ன மேடுகள் மிஞ்சும். தண்ணீரா, உப்பா? நீர் மூலக்கூற்றில் 10 இலத்திரன். சோடியம் அயனிலும் 10. மக்னீசியம் அயனிலும் அதே 10!

அக்கம்பக்கத்தை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றினால் பழைய டவுனின் இடிபாடுகள் தலைகாட்டும். பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் எது எதுவென்று சொல்லலாம். மக்னீசியத்தைச் சுற்றிப் பெரும்பாலும் ஆறு ஒட்சிசன் அணுக்கள், சுமார் 2.1 அங்ஸ்ட்ரொம் தூரத்தில். நீரென்றால் அயலவர் 2.8 அளவில் தள்ளி நிற்பார்.

பாரமான அணுக்களுக்கு வேறு சாட்சி உண்டு. சில அலைநீளங்களில் அவை கதிரை அசாதாரணமாகச் சிதறடிக்கும். 1951இல் ஒல்லாந்தின் பைஃபுட், ஒரு மூலக்கூறு இடக்கையா வலக்கையா என்று இதை வைத்தே நிர்ணயித்தார். முழுப் பளிங்கமைப்பையும் இதனால் தீர்க்கலாம் என்று 1956இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் எஸ். இராமனும். மிஞ்சிய மேடு கல்சியமா நாகமா என்று இன்று தேடுபவர்கள் நம்புவதும் இதே சிதறலைத்தான். சென்னையின் பங்கை அவர்களில் எத்தனை பேர் நினைக்கிறார்களோ!

இராமச்சந்திரனோடு கொலாஜன் அமைப்பைக் கண்ட கோபிநாத் கர்த்தா பிறகு பஃபலோவுக்குப் போனார். 1967இல் ஜேக் பெல்லோ, டேவிட் ஹார்க்கர் ஆகியோருடன் ரைபோநியூக்கிளியேசின் அமைப்பை வெளியிட்டார். மாட்டுச் சதையியில் கிடைக்கும் நொதியம் அது. அதன் பளிங்குகளில், வேலை நடக்கும் பிளவிலே பொசுபேற்றோ சல்பேற்றோ வந்து உட்கார்ந்துகொள்ளும். பொசுபரசில் 15 இலத்திரன், கந்தகத்தில் 16, இரண்டும் நான்முகி. மேட்டைப் பார்த்துப் பிரிப்பது கடினம். பளிங்கை எந்த உப்புக் கரைசலில் வளர்த்தார்கள் என்று ஆய்வுகூடக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டத்தான் வேண்டும்.

எல்லா மேட்டுக்கும் ஒரே சொந்தக்காரர் இருப்பதுமில்லை. 1987இல் ஹார்வர்டில் பமேலா பியோர்க்மனும் தோழர்களும் எச்எல்ஏ–ஏ2 என்ற மனிதப் புரதத்தைத் தீர்த்தபோது, அதன் பள்ளத்தில் மங்கலாக ஒன்று கிடந்தது. நீரென்று நிரப்பி மூடாமல், உடல் அங்கே ஏந்திக் காட்டும் பெப்டைட்டாக இருக்கலாம் என்றார்கள். எந்தப் பெப்டைட்டு என்று மட்டும் எழுதவில்லை. பளிங்கின் ஒவ்வொரு மூலக்கூறும் வெவ்வேறு ஒன்றை ஏந்தியிருந்தது.