ஆச்சி உடுத்திவிட்ட லட்சுமி

கோவில்பட்டியில் எங்கள் ஆச்சி வீட்டுப் பூஜை மாடத்தில் இருந்த லட்சுமிக்கு நிஜமான பட்டுச்சேலை உண்டு. அச்சடித்த படத்தின்மேல் ஆச்சியே உடுத்திவிட்டது. பழைய பட்டு ரவிக்கையிலிருந்து துணி வெட்டி, அடியில் மெல்லிசாகப் பஞ்சு வைத்து, கொசுவம் மடித்து ஒட்டுவாள். கரைக்குக் கிழிந்த சேலையில் பிரித்தெடுத்த ஜரிகை. நகைக்குச் சமிக்கியும் பாசிமணியும். மைதா மாவைக் காய்ச்சிய பசையில் பூச்சி அரிக்காதிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள். முகமும் கையும் பாதமும் மட்டும் அச்சில் இருந்தபடியே இருக்கணும். "ஏட்டி, முகத்துல பசை பட்டுரக் கூடாது" என்று என் விரலைப் பிடித்துக்கொள்வாள்.

அந்தப் படம் ரவிவர்மா அச்சகத்தில் வந்தது. 1894-இல் பம்பாயில் ஓவியர் ரவிவர்மா அதைத் தொடங்கினார். கல்லச்சு வேலை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் நிறத்துக்கு ஒரு கல்லாக வரைந்து, ஒரே தாளை அத்தனை கல்லிலும் மாற்றி மாற்றி அழுத்தி எடுக்க வேண்டும். இம்மி விலகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். அச்சகம் பிற்பாடு லோனாவாலா பக்கத்து மளவ்லிக்கு மாறி, ஷ்லெய்ஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. 1972-இல் தீ விபத்தில் பெரும்பகுதி அழிந்தது. அதற்குள் அதன் படங்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தன. துணி உடுத்திய படங்களைச் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளிலும் பார்க்கலாம். தஞ்சாவூர்ப் படத்தில் பொன்தகடும் கல்லும் பதித்த அதே ஆசைதான் வீட்டுப் பெண்களின் கையில் ஜரிகையும் சமிக்கியுமாக இறங்கியது என்று நான் நினைக்கிறேன்.

ஆச்சிக்கு அடுத்த தலைமுறையில் சாமி படம் எங்கள் ஊரிலேயே பிறந்தது. சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவருடைய தெய்வங்களுக்குப் பின்னால் தொங்கும் திரையையும் முகத்தில் விழும் வெளிச்சத்தையும் பாருங்கள், நாடக மேடை தெரியும். டி. எஸ். சுப்பையா போன்ற சீடர்கள் அவரோடு சேர்ந்து எழுதினார்கள்.

அச்சடிக்கப் பக்கத்திலேயே சிவகாசி இருந்தது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்த அச்சகங்கள்தான் காலண்டருக்கு வளர்ந்தன. மழை குறைந்த பூமி; தாள் ஈரம் இழுக்காது, நிறம் விலகாமல் விழும். இன்றைக்கும் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான மாதிரி ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுகிறார்கள்.

'வெறும் காலண்டர் படம்' என்று சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஜவுளிக்கடையிலும் மளிகைக்கடையிலும் இனாமாகக் கிடைத்த அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் குங்குமம் வைத்து அன்றாடம் கும்பிட்டவர்கள் நாம். வேறெந்த ஓவியத்துக்கு இப்படி ஒரு வாழ்வு கிடைத்தது?

ஆச்சி போன பிறகு, செல்லரித்த படம் வீட்டில் இருக்கக் கூடாதென்று லட்சுமியைக் கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்தோம். அடுத்த மழையில் சேலை தனியாக, தாள் தனியாகப் பிரிந்து கிடந்தது. இன்றும் அது எனக்கு ஆறவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று மிச்சமிருந்தால், மரத்தடிக்குக் கொண்டுபோகும் முன் கண்ணாடியைத் துடைத்து, அடி மூலையில் யார் கையெழுத்து இருக்கிறதென்று பாருங்கள்.