குச்சியோடு வந்தது

பெய்ஜிங்கில் ஜனவரி மாதம் வாளியில் வைத்த தண்ணீர் விடிவதற்குள் கல்லாகிவிடும். எலுமிச்சை இனத்துக்குக் கொஞ்சமும் ஆகாத ஊர். ஆனாலும் நகரத்துக்குத் தென்மேற்கே, ஃபெங்தாய்ப் பக்கத்துப் பூக்காரர்கள் ஒரு வகை எலுமிச்சையை வளர்த்துவந்தார்கள். தரையில் அல்ல, தொட்டியில். கோடை முழுக்க முற்றத்தில் வெயில் காயும். குளிர் எட்டிப் பார்த்ததும் உள்ளே போய்விடும். குட்டைச் செடியில் மஞ்சள் முற்றி ஆரஞ்சை நெருங்கிய உருண்டைப் பழங்கள் தொங்கும். வாங்குபவர்கள் அதைப் பிழிந்து குடிப்பதற்காக வாங்கவில்லை. அது கூடத்தில் வைத்துப் பார்க்கிற செடி.

1908இல் அந்தத் தொட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றவர் பிராங்க் மேயர். 1875இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த டச்சுக்காரர். சிறு வயதிலேயே அந்த ஊர்த் தாவரவியல் தோட்டத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, புகழ்பெற்ற தாவரவியலாளர் ஹியூகோ டி ஃப்ரீஸுக்கு உதவியாளராக உயர்ந்தவர். ஓரிடத்தில் கால் தரிக்காத மனிதர். 1901இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே வேளாண்மைத் துறையில் அயல்நாட்டுச் செடிகளைத் தேடிக் கொண்டுவரும் பிரிவை நடத்திவந்தவர் டேவிட் ஃபேர்சைல்டு. சீனாவுக்கு அனுப்ப, நடைக்கு அஞ்சாத ஆள் ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். 1905 முதல் நான்கு பயணங்களில் மேயர் அனுப்பிய செடி, விதை, குச்சி எல்லாம் சேர்ந்து சுமார் 2,500 வகை. அவற்றில் ஒன்றுதான் ஃபெங்தாய் எலுமிச்சை. துறையின் பதிவேட்டில் அதற்குக் கிடைத்த எண் 23028.

அந்தச் செடி பரவியதை மேயர் பார்க்கவில்லை. 1918 ஜூன் முதல் தேதி இரவு, யாங்சி ஆற்றில் போய்க்கொண்டிருந்த நீராவிக் கப்பலிலிருந்து காணாமல் போனார். சில நாள் கழித்து உடல் ஆற்றில் கிடைத்தது. தவறி விழுந்தாரா, தானே குதித்தாரா என்பது இன்றுவரை தீரவில்லை. பெயர் மட்டும் பழத்தோடு ஒட்டிக்கொண்டது: மேயர் லெமன்.

தமிழில் எலுமிச்சை என்று நாம் கையில் எடுப்பது ஆங்கிலத்தில் லைம். லெமன் என்பது கூர்முனையும் தடித்த தோலும் கொண்ட வேறு பழம். மேயர் இரண்டிலும் சேராது. மரபணுவைப் பார்த்தவர்கள், ஒரு பக்கம் சிட்ரன் என்னும் தடித்தோல் நார்த்தை, மறுபக்கம் கமலா ஆரஞ்சும் பம்பளிமாஸும் கலந்த ஒரு மரம் என்று இதன் பெற்றோரைச் சொல்கிறார்கள். அதனால்தான் புளிப்பு மட்டு, தோல் மெல்லிசு, வாசனையில் ஆரஞ்சின் சாயல்.

தோட்டக்காரர்களை இது கவர்ந்ததற்கு ருசி மட்டும் காரணமில்லை. குச்சியை ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். ஆரஞ்சுக் குச்சி அவ்வளவு எளிதில் வேர் விடாது. அதற்கு மொட்டு ஒட்டுக் கட்டத் தெரிந்த கை வேண்டும். மேயர் லெமனுக்கு அந்த வித்தை தேவையில்லை. இளம்பச்சை மாறி, ஆனால் பழுப்பேறாத கொப்பாகப் பார்த்து, பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டை மட்டும் பாதியாக நறுக்கி விட வேண்டும். முழு இலையை விட்டால், வேரில்லாத குச்சியின் ஈரத்தை அது குடித்துத் தீர்த்துவிடும். ஈர மணலில் செருகி, மேலே ஒரு கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்துவிட்டால், சில வாரத்தில் வெட்டுவாயில் வெள்ளையாக ஒரு தடிப்பு எழும்பும். பிறகு அங்கிருந்து வேர் கிளம்பும். விதையிலிருந்து வந்த மரம் காய்க்கப் பல வருஷம் எடுக்கும். குச்சி அப்படியில்லை, காய்த்த மரத்தின் வயது அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு மூன்று வருஷத்தில் பூத்துவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ரோமானிய வேளாண் எழுத்தாளர் பல்லாடியஸ், சிட்ரன் மரத்தைக் கொப்பு நட்டு வளர்ப்பது எப்படி என்று பழைய காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். இத்தாலியின் கலாப்ரியா கடற்கரையில் அந்த வழக்கம் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் யூத மதம். சுக்கோத் பண்டிகையில் கையில் ஏந்தும் சிட்ரன் பழம், ஒட்டுக் கட்டாத மரத்தில் காய்த்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. 16ஆம் நூற்றாண்டிலிருந்து ரபிகள் என்னும் யூத குருமார் இதை விடாமல் வாதித்திருக்கிறார்கள். ஆகவே கோடையில் தியமாந்தே ஊர்ப் பக்கம் வரும் ரபிகள், பழத்தைப் பார்ப்பதற்கு முன் குனிந்து மரத்தின் அடித்தண்டைப் பார்க்கிறார்கள். ஒட்டுத் தழும்பு இருந்தால் பழம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். குச்சியிலிருந்து வருவது மகள் அல்ல, தாயே.

மேயர் லெமனின் கதை திரும்புவதும் அங்கேதான். தாய் அப்படியே வந்தால், தாயின் உடம்பில் இருந்ததும் அப்படியே வரும்.

கலிபோர்னியாவில் வீடு தவறாமல் கொல்லையில் ஒரு மேயர் நிற்கும் காலம் 1940களுக்குள் வந்துவிட்டது. டெக்சாசில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் பயிரிட்டு, 'வேலி லெமன்' என்று பெயர் வைத்தார்கள். நியூசிலாந்தில் வீட்டு எலுமிச்சை என்றாலே இது என்றானது. மற்ற லெமன்களைவிடக் குளிர் தாங்கும், தொட்டியிலும் காய்க்கும், கேட்டால் கிடைக்கும். வீட்டுத் தோட்டக்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே ஜாதி: பக்கத்து வீட்டில் ஒரு செடி பிடித்துப்போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள்.

இதற்கிடையில் பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்தில் 1937 வாக்கில் ஆரஞ்சுத் தோப்புகள் காயத் தொடங்கின. இலை தொங்கி, கொப்பு நுனியிலிருந்து பட்டு, பழம் தாங்கிய மரம் அப்படியே நின்று சாகும். பார்த்தவர்கள் அதற்கு 'த்ரிஸ்தேசா' என்று பெயரிட்டார்கள். போர்த்துகீசிய மொழியில் துக்கம். லட்சக்கணக்கில் மரங்கள் போயின. கலிபோர்னியாவிலும் 1939இல் அதேபோல ஒரு சாவு தலைகாட்டியது. 1946இல்தான் முடிச்சு அவிழ்ந்தது: இது வைரஸ், அசுவினிப் பூச்சி இதைச் சுமக்கிறது. அன்றைய தோப்புகளில் பெரும்பாலானவை புளிப்பு ஆரஞ்சை வேர்ச்செடியாக வைத்து ஒட்டியவை. வைரஸ் ஒட்டு முடிச்சுக்குக் கீழே, இலை சமைத்த உணவை வேருக்கு இறக்கும் குழாய்களை அழித்தது. மேலே இலை இருக்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும்.

இந்தத் துப்பைத் தொடர்ந்தபோது, கொல்லையில் பளபளவென்று நின்ற மேயர் பெரும்பாலானவற்றின் உடம்பில் அதே வைரஸ் இருப்பது தெரிந்தது. மேயர் அதைத் தாங்கிக்கொள்ளும் மரம். ஒரு இலை வாடவில்லை. அதிலும் குச்சி நட்டு வளர்த்த மேயருக்குச் சொந்த வேர். நோய் கைவைக்கும் புளிப்பு ஆரஞ்சு முடிச்சே அதில் இல்லை. நோய் நொடியில்லாத மரம் என்று நம்பித்தான் ஒவ்வொருவரும் அதிலிருந்து கொப்பு ஒடித்துக் கொடுத்தார்கள். விதை போட்டு வளர்த்திருந்தால் இந்தத் தொல்லை இராது. இந்த வைரஸ் விதை வழியாகக் கடப்பதில்லை. குச்சிக்கு அந்த வடிகட்டி கிடையாது.

பிராங்க் மேயரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறுவதற்கு மூன்று வருஷம் முன்னால்தான், 1898இல், அவர் பிறந்த நாட்டின் டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினுஸ் பெய்ஜரிங்க், புகையிலை நோய்க்குக் காரணம் பாக்டீரியா அல்ல, வைரஸ் என்ற வேறு வகைத் தொற்று என்று வாதிட்டார். எலுமிச்சை அமெரிக்கா வந்தபோது செடிகளைச் சோதிக்க அங்கே தேசியச் சட்டமே இல்லை; தாவரத் தடுப்புக்காப்புச் சட்டம் 1912இல் வந்தது. அது நாலு வருஷம் முன்னதாக வந்திருந்தாலும் பயன் இருந்திருக்குமா? சந்தேகம்தான். டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு அனுப்பிய 2,000 செர்ரி மரங்களை, பூச்சி இருக்கிறது என்று 1910இல் கொளுத்தினார்கள். பூச்சி கண்ணுக்குத் தெரியும். ஃபெங்தாய் செடியில் கண்ணுக்குத் தெரிய எதுவும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுத்தது நம்முடைய எலுமிச்சை. ஆராய்ச்சியாளர்கள் மெக்சிகன் லைம் என்று அழைத்தாலும், தமிழ்நாட்டில் சாதத்துக்குப் பிழிகிற அதே சிறிய பழ இனம்தான். இந்த வைரஸ் விஷயத்தில் அதைப்போல ரோஷக்காரச் செடி வேறில்லை. சந்தேகப்படும் மரத்திலிருந்து ஒரு மொட்டை எடுத்து எலுமிச்சை நாற்றில் ஒட்டுவார்கள். சில வாரம் கழித்து விரியும் தளிரைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நரம்புகளில் விட்டுவிட்டுக் கண்ணாடி போலத் தெளிந்த சிறு கோடுகள் தெரியும். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரத்து ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடி வீடுகளில், பின்னாளில் ஆடம்பர விருந்துக்குப் போன பழத்துக்கு எதிராக இப்படி எலுமிச்சை நாற்று சாட்சி சொன்னது.

பழைய மேயர் மரங்களைப் பெருக்கவும் விற்கவும் கலிபோர்னியா தடை போட்டது. ஏராளமான மரங்களை வெட்டி அழித்தார்கள். 1962இல் அதே மேயரில் இன்னொரு வைரஸும் கண்டுபிடிக்கப்பட்டது. அது தொற்றிய சில இனங்களில் இலை ஓரம் கந்தலாகிவிடும் என்பதால் 'டேட்டர் லீஃப்' என்று பெயர். கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் 1950களில் ஃபோர் விண்ட்ஸ் என்ற நாற்றுப்பண்ணையை நடத்திய ஃபிளாயிட் தில்லன், வைரஸ் ஏறாத ஒரு மேயர் வரிசையைத் தேடிப் பிடித்திருந்தார். அதைச் சோதித்துச் சோதித்து, 1975இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 'இம்ப்ரூவ்டு மேயர்' என்ற பெயரில் வெளியிட்டது. மேம்பட்டது என்று பெயர் இருந்தாலும் பழத்தில் எந்த மாற்றமும் இல்லை. நோய் இல்லை என்பதே மேம்பாடு.

நேரமும் கூடி வந்தது. பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971இல் தொடங்கிய 'ஷே பனீஸ்' உணவகம், உள்ளூரில் விளைவதையே சமைப்பது என்று பிடிவாதமாக இருந்தது. அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் காய்த்த மேயர் அங்கே இனிப்புப் பண்டமானது. பார்க்க மட்டும் வளர்த்த தொட்டிச் செடி, சமையல் புத்தகங்களில் பேர் சொல்லிக் கேட்கும் பழமாகிவிட்டது.

கொப்பு ஒடித்துக் கொடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. 2012 மார்ச்சில், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஹசியெண்டா ஹைட்ஸ் என்ற ஊரின் ஒரு வீட்டுத் தோட்டத்தில் லெமனும் பம்பளிமாஸும் ஒட்டிய மரம் ஒன்று நோய்ப்பட்டிருப்பது தெரிந்தது. சீனப் பெயரில் மஞ்சள் தளிர் நோய் என்று பொருள்படும் ஹுவாங்லாங்பிங், கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. இதுவும் ஒட்டு மூலம் பரவும். த்ரிஸ்தேசாவைவிடக் கொடியது, ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தொழிலை மண்டியிட வைத்த நோய். மரத்தை வேரோடு பிடுங்கி அழித்தார்கள். நோய்க்காப்பு வளையத்துக்குள் வரும் வீடுகளில், எலுமிச்சை இனத்தின் ஒரு இலைக்கொத்தையும் வேலி தாண்டிக் கொடுக்கக்கூடாது என்று விதி வந்தது. வீட்டில் ஒட்டுக் கட்ட ஆசைப்படுபவர், பல்கலைக்கழகத்திடம் பெயரைப் பதிந்துகொண்டு, சோதித்த மொட்டுகளை எண்ணிக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

அந்த மொட்டுகளைத் தரும் தாய்மரங்கள் இப்போது திறந்த வெளியில் நிற்பதில்லை. பூச்சி நுழையாத நுண்வலைக் கூடாரம், ஒன்று மூடினால்தான் மற்றொன்று திறக்கும் இரட்டைக் கதவு. ஃபெங்தாயில் குளிருக்குப் பயந்து சில மாதம் மட்டும் உள்ளே போன செடி, பெய்ஜிங் அளவுக்குக் குளிராத கலிபோர்னியாத் தோட்டப் பகுதியில் வருஷம் முழுக்க உள்ளேயே இருக்கிறது.