வெள்ளம் வடிந்த பின் வரும் காய்ச்சல்

1956 நவம்பர் 23 அன்று விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் பெருவெள்ளத்தால் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றினுள் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவ்வெள்ளம் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் எந்த வெள்ளத்தின் கணக்கிலும் சேராத சாவுகளும் உண்டு. நீர் வடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, 'விஷக்காய்ச்சல்' என்றோ 'மஞ்சட்காமாலை' என்றோ பெயர் சூட்டப்பட்டு அடக்கம் செய்யப்படுபவை அவை. அவற்றுட் சிலவற்றின் மெய்யான பெயர் எலிக்காய்ச்சல்.

அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையாக ஓடுவது கொள்ளிடம். காவிரியின் மிகைநீரைக் கொள்ளும் இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பர் மக்கள். 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டியது, கொள்ளிடம் நீரையெல்லாம் இழுத்துக்கொண்டு காவிரியை வறளச் செய்ததைத் தடுப்பதற்கே. அதன் விளைவாகக் கொள்ளிடம் ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாய்க் கிடந்து, வெள்ளக் காலத்தில் மட்டுமே கரைபுரளும் ஆறாயிற்று. திருமழபாடி, திருமானூர், ஏலாக்குறிச்சி, தூத்தூர், மதனத்தூர் முதலிய கரையூர்கள் இத்தகைய ஆற்றை நம்பியும் அஞ்சியும் வாழ்பவை. வெள்ளம் ஏறும்போது படுகை நிலத்தின் வரப்பு வளைகளில் வாழும் எலிகள் மேட்டை நாடுகின்றன. மனிதரும் மாடும் ஒதுங்குவது அதே மேட்டில்தான்.

எலிக்காய்ச்சல் என்றதும் எலி கடித்தால் வருவது என எண்ணுவோர் இன்றும் பலர். கடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும் நுண்ணுயிர் அதன் சிறுநீரோடு வெளிப்பட்டு, ஈர மண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் பல நாள்கள், சில வேளை வாரக்கணக்கில் உயிர் தரிக்கிறது. காலின் சிறு வெடிப்பு, நீரில் ஊறித் தளர்ந்த தோல், கண், வாய் இவற்றின் வழியே உட்புகுகிறது. மாடு, பன்றி, நாய் ஆகியவையும் அதனைச் சுமக்கக்கூடும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில் கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காற் சதையில் தாங்கொணா வலி, கண் சிவத்தல் என நோய் தோன்றும். முற்றினால் காமாலை காணும், சிறுநீர் குன்றும், நுரையீரலில் குருதி கசியும்.

இந்நோயை மருத்துவ உலகம் அறிந்த கதை நெடியது. 1886-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் இதன் குறிகளை விவரித்தார். மஞ்சள் சுரத்தால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத்தில் ஸ்டிம்சன் என்பவர் 1907-இல் ஒரு சுருளுயிரைக் கண்டார். அதன் நுனி கேள்விக்குறி போல வளைந்திருந்ததால் அப்பொருள்படவே பெயரிட்டார். 1915-இல் ஜப்பானின் இனாதாவும் இதோவும் நோய்க்கிருமியைப் பிரித்தறிந்தனர். எலியே அதனைப் பரப்புகிறது என்பதும் அங்குதான் சில ஆண்டுகளில் தெளிவாயிற்று.

நம் நாட்டுக் கதைதான் நெஞ்சை உறுத்துவது. அந்தமான் தீவுகளில் இந்நோய் இருப்பதை டெய்லர், கோயல் என்னும் இரு ஆய்வாளர்கள் 1931-இலேயே விரிவாக எழுதி வெளியிட்டனர். பின்னர் அது மறக்கப்பட்டது. 1988 முதல் மழைக்காலம் முடியும் வேளைகளில் அதே தீவுகளில் மக்கள் காய்ச்சலுற்று, குருதி உமிழ்ந்து இறக்கலாயினர். காரணம் புலப்படாமையால் 'அந்தமான் குருதிப்போக்குக் காய்ச்சல்' எனப் புதுப்பெயர் ஒன்று வழங்கிற்று. அது பழைய எலிக்காய்ச்சலே என்பது 1990-களில்தான் உறுதியாயிற்று. அரை நூற்றாண்டுக்கு முன்னரே அச்சேறிய ஓர் உண்மையை மீண்டும் கண்டறிய வேண்டியிருந்தது! இடையில் மாண்ட உழவர் எந்த நூலையும் படித்திருக்க வழியில்லை. படித்திருக்க வேண்டியவர்கள் வேறு சிலர்.

தமிழகத்திலும் ஆய்வுக்குக் குறைவில்லை. சென்னைக் கால்நடை மருத்துவ ஆய்வகமும், நமக்கு அண்மையிலுள்ள திருச்சிப் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் நெடுங்காலமாக இதனை ஆராய்ந்து வந்துள்ளன. சேலத்து அரிசி ஆலைத் தொழிலாளரிடம் இக்கிருமி தொற்றிய தடயம் மிகுதியாகக் காணப்பட்டதாக 2002-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆக, இது சேற்றில் இறங்குவோர்க்கு மட்டும் உரிய நோயன்று. ஆய்வுக்கூடத்திற்கும் திருமானூர்ப் படுகைக்கும் இடையிலுள்ள தொலைவு மைல்கணக்கில் அதிகமில்லை. எனினும் அச்செய்தி ஆற்றங்கரையை எளிதில் எட்டுவதில்லை.

2018 ஆகஸ்டில் வயநாட்டில் கொட்டிய மழை ஒருபுறம் கேரளத்தை மூழ்கடித்தது. மறுபுறம் கபினி வழியே மேட்டூரை நிரப்பிக் கொள்ளிடத்தில் பாய்ந்தது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கேரளத்தில் வெள்ளநீரில் இறங்கிய மீட்புப் பணியாளர்க்கும் தொண்டர்க்கும் வாரம் ஒருமுறை 200 மி.கி. டாக்சிசைக்ளின் மாத்திரை வழங்கப்பட்டது. எலிக்காய்ச்சல் என்னும் பெயர் ஊரெங்கும் ஒலித்தது. அப்படியிருந்தும் அங்கே உயிர்கள் போயின. நம் கரையில் பேச்சு உடைந்த மதகுகளைப் பற்றியே இருந்தது என்பது என் நினைவு.

அம்மாத்திரை விலையில் மிக எளியது. அந்தமானில் நடந்த ஆய்வொன்றில் அது தொற்றை முற்றும் தடுக்கவில்லை. ஆயினும் நோயையும் சாவையும் குறைத்தது. மருத்துவரின் சொற்படி மட்டுமே உட்கொள்ளத்தக்கது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெறுங்காலோடு தேங்கிய நீரில் இறங்காமை, காற்புண்ணை மூடிக்கட்டுதல், நீரைக் கொதிக்க வைத்து அருந்துதல், தானியத்தை எலி அண்டாது காத்தல் என்பன யாவும் நம் பாட்டிமார் அறியாதவையல்ல. வெள்ளத்தின்போது நம் பங்குப் பள்ளிகள் தங்குமிடங்களாகின்றன. சோற்றுப் பொட்டலத்தோடு இந்தச் செய்தியையும் கொடுக்க அவ்விடத்தைவிடத் தக்க இடம் ஏது?

ஏலாக்குறிச்சியில் வழங்கும் மரபு ஒன்றுண்டு. அரியலூர் அரசர் அரங்கப்ப மழவராயரின் இராஜபிளவையை வீரமாமுனிவர் பச்சிலையும் களிமண்ணும் இட்டுக் குணமாக்கினார் என்றும், அரசர் 1735-இல் நன்றியாக நிலம் அளித்தார் என்றும் கூறுவர். அரசரின் நோய்க்குப் பெயருண்டு, ஆண்டுண்டு, சான்றாக நிலமும் உண்டு. அதே கரையில் நாற்று நட்டவரின் காய்ச்சலுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. மருத்துவமனையில் அவர் "மூன்று நாளாய்க் காய்ச்சல்" என்கிறார். மருத்துவரும் காய்ச்சல் மாத்திரை எழுதித் தருகிறார். "பத்து நாளைக்கு முன்னே வெள்ளத் தண்ணியிலே நின்னு மாட்டை ஓட்டிட்டு வந்தேனுங்க" என்று அவர் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னால் மருத்துவரின் எண்ணம் வேறு திசையில் செல்லும்; பெனிசிலின் உரிய காலத்தில் உடலில் ஏறும். அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டுமென்று அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.