நாவலின் ஒற்றனும் சரித்திரத்தின் தந்தியும்

1942 ஜூன் 21ஆம் தேதி டோப்ருக் துறைமுகம் ஜெர்மானியர் வசமாயிற்று. அவ்வெற்றியை ஈட்டிய சேனாதிபதி ரோமலுக்கு எதிரியின் அந்தரங்கம் எவ்வழியே எட்டியது? 1980இல் வெளிவந்த கென் ஃபாலெட்டின் 'த கீ டு ரெபெக்கா' என்னும் நாவல், டாஃப்னே டு மாரியேயின் 'ரெபெக்கா'வையே சங்கேத நூலாகக் கொண்டு, கெய்ரோ நகரிலிருந்து பிரிட்டிஷ் சேனையின் திட்டங்களை ரகசிய வானொலி மூலம் அனுப்பிய சாமர்த்தியசாலியான ஒற்றன் ஒருவனை இதற்கு விடையாக்குகிறது.

இக்கற்பனைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. பாலைவன ஆராய்ச்சியில் கீர்த்தி பெற்ற ஹங்கேரியரான அல்மாஸி, எகிப்தில் வளர்ந்த ஜெர்மானியனான எப்ளரையும் அவன் கூட்டாளி சாண்ட்ஸ்டெடையும், பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய மோட்டார் வண்டிகளிலேயே ஏற்றி, லிபியாவின் ஜாலோ பாலைவனச் சோலையிலிருந்து கில்ஃப் கெபீர் பீடபூமி வழியாக, 1942 மே மாதத்தில் நைல் நதிக்கரையிலுள்ள அஸ்யூட் நகரின் எல்லை வரை கொண்டுவந்து சேர்த்தார். பிரயாணம் மகா துணிகரமானது, பலனோ சூனியம். கெய்ரோவில் படகு வீடொன்றில் அமர்ந்து பணத்தைக் கரைத்த அவ்விருவரின் செய்திகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வதற்கென ரோமலின் படையுடன் இருந்த வானொலிப் பணியாளர்கள், மே மாத இறுதியிலேயே பிரிட்டிஷ் தரப்பிடம் சிக்கிவிட்டனர். ஜூலையில் ஒற்றர்களும் பிடிபட்டனர். அவர்களுடைய வானொலிக் கருவியைச் சீர்செய்ய உதவிய இளம் எகிப்திய ராணுவ அதிகாரி ஒருவரும் பின்னர் சிறைப்பட்டார். பிற்காலத்தில் எகிப்தின் ஜனாதிபதியான அன்வர் சதாத்தே அவர்.

உண்மையான ரகசியமோ, வேவு பார்ப்பதைக் கனவிலும் கருதாத ஒருவரிடமிருந்து கசிந்தது. கெய்ரோவிலிருந்த அமெரிக்க ராணுவப் பிரதிநிதி கர்னல் ஃபெல்லர்ஸ், நேசநாட்டு அதிகாரி என்னும் உரிமையோடு போர்முனைகளைப் பார்வையிட்டு, படைபலம், தளவாடம், வரவிருக்கும் நடவடிக்கைகள் ஆகியவற்றை வாஷிங்டனுக்குச் சிரத்தையுடன் தந்தியனுப்பி வந்தார். அவர் கையாண்ட சங்கேத முறையோ, ரோமாபுரியிலிருந்த அமெரிக்கத் தூதரகத்திலிருந்து 1941இலேயே இத்தாலிய உளவுத்துறையால் ரகசியமாகப் பிரதி எடுக்கப்பட்டிருந்தது. ஆகவே, எந்த ஒற்றனாலும் நெருங்கவியலாத தகவல்களை, கடமை தவறாத ஓர் உத்தியோகஸ்தரின் அன்றாட அறிக்கைகளே ரோமலின் கூடாரத்துக்குக் கொண்டு சேர்த்தன.

ஜூன் மாத இறுதியில் அந்த ஊற்று அடைபட்டது. ஜூலை 10ஆம் தேதி, எல் அலமெய்னுக்கு அருகே டெல் எல் ஈஸாவில் ஆஸ்திரேலியப் படையினர் நடத்திய தாக்குதலில், எதிரியின் வானொலியை ஒட்டுக்கேட்டு வந்த ரோமலின் பிரிவும் சிதைந்தது. ஆகஸ்ட் இறுதியில் அலாம் ஹல்ஃபா குன்றை அவர் தாக்கியபோது, அவருடைய சங்கேதச் செய்திகளைப் பிரிட்டிஷாரே படித்துக்கொண்டிருந்தனர்.